சந்தை நாணயம் பாங்கியில் செல்லுமா?

சொந்த வீடு வாங்க நினைக்கும் சிறு வியாபாரிகள் 3 ஆண்டுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளி இறங்குகிறது. முருங்கைக்காய் கட்டுக் கட்டாக ஏறுகிறது. கத்தரிக்காய், மிளகாய், பீர்க்கங்காய் என்று மூட்டைகள் மலைபோல் குவிகின்றன. லாரிகள் கேரளத்தை நோக்கிப் புறப்படுகின்றன.

இவ்வளவு சரக்கும் எதை நம்பிக் கைமாறுகிறது? பெரும்பாலும் வாய்ச்சொல்லை நம்பித்தான்!

"நாளைக்குப் பணம் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், நாளைக்குப் பணம் வர வேண்டும். வந்தால் அவர் நாணயமானவர். வராவிட்டால் அடுத்த நாள் அவருக்குச் சரக்கு இல்லை. இதுதான் சந்தையின் சட்டம். இதற்கு வக்கீல் வேண்டாம்; கோர்ட்டும் வேண்டாம்.

இப்படி 20 ஆண்டுகளாக நாணயம் தவறாமல் வியாபாரம் செய்த ஒருவர், வீடு வாங்கக் கடன் கேட்டுப் பாங்கிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே என்ன நடக்கும்?

"உங்கள் வருமானம் எவ்வளவு?" என்று மானேஜர் கேட்பார்.

"செலவெல்லாம் போக ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் நிற்கும், சார்."

"அது எதில் எழுதியிருக்கிறது?"

"எழுதுவதற்கு என்ன, சார்? மார்க்கெட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் நாணயத்தைப் பற்றிச் சொல்வார்கள்."

மானேஜர் சிரிப்பார். அவர் கெட்டவர் அல்ல. மார்க்கெட்டுக்குப் போய் விசாரித்து, அந்த வார்த்தையை நம்பிக் கடன் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அவருக்கு வேண்டியது காகிதம்.

வியாபாரி வெறுங்கையோடு திரும்புவார். ஒட்டன்சத்திரத்தில் மட்டும் அல்ல, ரொக்கத்தில் தொழில் நடக்கும் எல்லா ஊர்களிலும் உள்ள கஷ்டம் இது.

வட்டி குறைந்தது, வீடு வருமா?

2025-ஆம் ஆண்டில் ரிசர்வ் பாங்கி தன் வட்டி விகிதத்தை நான்கு முறை குறைத்தது. ஆண்டின் தொடக்கத்தில் 6½ சதவீதமாக இருந்த விகிதம், டிசம்பர் மாதத்தில் 5¼ சதவீதத்துக்கு வந்தது. இது மற்ற பாங்கிகளுக்கு ரிசர்வ் பாங்கி கடன் கொடுக்கும் வட்டி. இது குறைந்தால் வீட்டுக் கடன் வட்டியும் குறையும்.

"வட்டி குறைந்துவிட்டது. வீடு வாங்க இதுதான் நேரம்" என்று எல்லோரும் பேசினார்கள்.

ஆனால் அந்தக் குறைந்த வட்டி யாருக்குக் கிடைத்தது? மாதச் சம்பளக்காரருக்குக் கிடைத்தது. வருமானத்துக்கு ஏடு வைத்திருப்பவருக்குக் கிடைத்தது. பாங்கியின் வாசல்படியையே தாண்ட முடியாதவருக்கு, வட்டி 9 ஆனாலும் ஒன்றுதான். 8 ஆனாலும் ஒன்றுதான்.

அவர் என்ன செய்கிறார்? தனியாரிடம் கடன் வாங்குகிறார். அங்கே நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி, 3 ரூபாய் வட்டி. கேட்பதற்குச் சின்னத் தொகைதான். ஆனால் அது மாத வட்டி! 2 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். 3 ரூபாய் வட்டி என்றால் 36 சதவீதம்.

10 லட்ச ரூபாயை 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அது வட்டி மட்டுமே. 10 ஆண்டு கட்டினாலும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

அதே 10 லட்சத்தை 8½ சதவீத வட்டிக்குப் பாங்கியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 8,678 ரூபாய். அதில் வட்டியும் அசலும் சேர்ந்தே இருக்கிறது.

ஏடு இருப்பவருக்கு 8,678 ரூபாய். ஏடு இல்லாதவருக்கு 20 ஆயிரம் ரூபாய். ஒரு குடும்பம் சொந்த வீட்டில் குடியேறுவதும், வட்டி கட்டியே ஓய்ந்துபோவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மதிப்பெண் ஏடு

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் உண்டு. கடன் வாங்கும் பெரியவர்களுக்கும் மதிப்பெண் உண்டு!

இதைத்தான் "சிபில் மார்க்" என்று சொல்கிறார்கள். சிபில் என்பது 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு கம்பெனி. இப்போது இதுபோல் 4 கம்பெனிகள் இந்தியாவில் உள்ளன. யார் எங்கே கடன் வாங்கினார், தவணையை நாள் தவறாமல் கட்டினாரா என்ற விவரங்களைப் பாங்கிகள் இந்தக் கம்பெனிகளுக்கு அனுப்ப வேண்டும். 2005-இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது.

குறைந்த மதிப்பெண் 300. அதிக மதிப்பெண் 900. 750-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பாங்கிகள் தயங்குவது இல்லை.

சிபில் ஏட்டில் கடைசி 36 மாதத் தவணைகளின் கதை மாதவாரியாகத் தெரியும். எந்த மாதம் தவறியது, எத்தனை நாள் தாமதம் என்று எல்லாம் இருக்கும். செல்போனைத் தவணையில் வாங்கிவிட்டு, "அது பழுதாகிவிட்டது, இனி எதற்குக் கட்ட வேண்டும்?" என்று விட்டுவிட்டால், அதுவும் ஏட்டில் இருக்கும். 3 ஆயிரம் ரூபாய்ப் பாக்கி, 10 லட்ச ரூபாய்க் கடனைத் தடுத்துவிடும்!

மோட்டார் சைக்கிள் கடன், நகைக் கடன், கிரெடிட் கார்டு எல்லாமே இதில் சேரும். நகையை மீட்காமல் ஏலத்துக்கு விட்டால், போவது நகை மட்டும் அல்ல, மதிப்பெண்ணும் போகும்.

"மொத்தத்தில் பாதியைக் கட்டுங்கள், கணக்கை முடித்துக்கொள்ளலாம்" என்று சில கடன் நிறுவனங்கள் கூப்பிடுவது உண்டு. அப்படி முடித்தால், "முழுப் பணமும் கட்டவில்லை, பேசி முடித்தார்" என்று ஏட்டில் பதிவாகும். வீட்டுக் கடன் கேட்கும்போது இது பெரிய முட்டுக்கட்டை.

கடனே வாங்காதவர் கதி என்ன?

"நான் வாழ்நாளில் யாரிடமும் கடன் வாங்கியது இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பெருமைதான். ஆனால் மதிப்பெண் ஏட்டில் அவர் பெயரே இருக்காது! பரீட்சை எழுதாத பையனுக்கு மதிப்பெண் எப்படி வரும்?

முதன்முதலாகக் கடன் கேட்பவரை, பழைய கடன் விவரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி அறிவுறுத்தி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றத்திலும் மத்திய அரசாங்கம் இதைச் சொன்னது. ஆகவே மதிப்பெண் இல்லை என்று பயப்பட வேண்டியது இல்லை.

ஆனாலும், சிறு கடன் ஒன்றை வாங்கி, ஒழுங்காகக் கட்டி முடித்தவரைப் பாங்கி எளிதில் நம்பும். இதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்கக் கூடாது. தொழிலுக்குத் தள்ளுவண்டியோ, எடைத் தராசோ, இரு சக்கர வாகனமோ எப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால், அதைத் தனியார் வட்டிக்கு வாங்காமல் பாங்கிக் கடனில் வாங்கலாம். அந்தத் தவணைகளே சாட்சி சொல்லும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பல வீடுகளில் கணவன் பெயரில் ஏடே இருக்காது. மனைவி பெயரில் நல்ல ஏடு இருக்கும்! காரணம், மகளிர் குழு. குழுக் கடனை வாரம் தவறாமல், மாதம் தவறாமல் கட்டியவர் அவர்தான். அந்தக் கடன்களும் இந்த ஏட்டில் ஏறக்கூடியவை. ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பம் போடுவது பல விதத்தில் நல்லது.

ஜாமீன் கையெழுத்து

மைத்துனர் டிராக்டர் வாங்கினார். "மாமா, ஒரு ஜாமீன் கையெழுத்துதானே? போடுங்கள்" என்றார். மாமாவும் போட்டார். பிறகு மறந்தே போனார்.

அந்தக் கடன் மாமாவின் ஏட்டிலும் இருக்கிறது! மைத்துனர் தவணை தவறினால் மாமாவின் பெயரும் கெடும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும் நாளில்தான் இது பலருக்குத் தெரிகிறது.

உறவு பெரிதுதான். ஆனால் இரண்டு மூன்று ஆண்டில் வீடு வாங்கப் போகிறவர் ஜாமீன் கையெழுத்துப் போடும் முன் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பது நல்லது.

ஏட்டில் தவறு இருந்தால் திருத்த வழி உண்டு. நான்கு கம்பெனிகளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இது நடைமுறை. இணையதளத்தில் வாங்கலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் சில நிமிட வேலை. கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று இருக்கிறதா, வேறு ஒருவரின் கடன் தவறாக ஏறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறு இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் சரி செய்யாவிட்டால், அதற்குப் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி.

வருமானத்துக்கு ஏடு

மதிப்பெண் மட்டும் போதாது. வருமானத்துக்கும் சாட்சி வேண்டும்.

சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. கமிஷன் கடை வைத்திருப்பவர், தள்ளுவண்டிக்காரர், மூட்டை தூக்குபவர், வேன் ஓட்டுபவர் இவர்களுக்கு என்ன இருக்கிறது?

சொந்தத் தொழில் செய்பவரிடம் பாங்கிகள் பொதுவாக 2 அல்லது 3 ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கின்றன. "வருமான வரியா? நமக்கு எதற்கு வம்பு!" என்று பலர் ஒதுங்குகிறார்கள். கணக்குக் காட்டினால் வரி கட்ட வேண்டியிருக்கும் என்று பயம்.

கணக்குக் காட்டுவது வேறு. வரி கட்டுவது வேறு. 2025-26 நிதி ஆண்டு முதல், புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்ச ரூபாய் வரை உள்ள சிறு வியாபாரிக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. மாதம் 30 ஆயிரம் சம்பாதிப்பவருக்கு ஆண்டு வருமானம் 3 லட்சத்து 60 ஆயிரம்தான். அவர் கணக்குத் தாக்கல் செய்தால் அரசாங்கத்துக்கு ஒரு பைசா வரி போகாது. ஆனால் பாங்கிக்குக் காட்ட ஒரு சாட்சி கிடைக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை: வீட்டுக் கடன் வாங்குவதற்காக ஒரே நாளில் 3 ஆண்டுக் கணக்கையும் "தயார் செய்து தருகிறோம்" என்று சொல்பவர்களை நம்பக் கூடாது. பாங்கி அதைக் கண்டுபிடித்துவிடும். இல்லாத வருமானத்தைக் காட்டி வாங்கிய கடனை இருக்கிற வருமானத்தில்தான் கட்ட வேண்டும்!

அடுத்த சாட்சி, பாங்கிக் கணக்கு. சந்தையில் வரும் ரொக்கம், பையிலேயே வந்து பையிலேயே செலவாகிறது. அது எங்கும் பதிவது இல்லை. தினமும் முடியாவிட்டாலும் வாரம் இரண்டு முறையாவது வியாபாரப் பணத்தைக் கணக்கில் கட்டி, அதிலிருந்தே எடுத்துச் செலவு செய்தால், பாஸ் புத்தகமே வியாபாரத்தின் கதையைச் சொல்லும். செல்போனில் பணம் வாங்கும் அட்டையைத் தள்ளுவண்டியில் மாட்டியவர்கள், தெரியாமலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

சிறு தொழில் செய்பவர்களுக்கு மத்திய அரசாங்கத்தின் "உத்யம்" பதிவு இருக்கிறது. 2020-இல் வந்தது. கட்டணம் கிடையாது. "இவர் இந்தத் தொழில் செய்கிறார்" என்பதற்கு அது ஒரு சான்று.

கையில் எவ்வளவு வேண்டும்?

"பாங்கிதான் கடன் தருகிறதே! கையில் எதற்குப் பணம்?" என்று நினைப்பது தவறு. பாங்கி முழு விலையையும் தராது.

30 லட்ச ரூபாய் வரை உள்ள வீட்டுக் கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கி விதி. அது உச்ச வரம்பு. சொந்தத் தொழில்காரருக்கு 75, 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு.

15 லட்ச ரூபாய்க்கு ஒரு சிறு வீடு என்று வைத்துக்கொள்வோம். பாங்கி 80 சதவீதம் கொடுத்தால் கடன் 12 லட்சம். மீதி 3 லட்சம் கையில் வேண்டும்.

அதோடு முடிந்ததா? இல்லை. பத்திரப் பதிவுச் செலவு இருக்கிறது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்த்து 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். 15 லட்சத்துக்கு 1 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய். வக்கீல் பார்வை, மதிப்பீட்டுக் கட்டணம், பத்திரம் எழுதும் கூலி எல்லாம் தனி. மொத்தத்தில் நாலரை லட்ச ரூபாய் இல்லாமல் 15 லட்ச ரூபாய் வீட்டில் கால் வைக்க முடியாது.

10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசாங்கம் இதைக் கொண்டுவந்தது. 10 லட்சத்துக்கு 10 ஆயிரம் ரூபாய் மிச்சம்.

இன்னொன்று: வீட்டை விற்பவர் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2015-இல் வந்த விதி. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். ஆகவே கையில் உள்ள சேமிப்பும் பாங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். பானையில் இருந்தால் பயன் இல்லை.

ஒத்திப் பணம்

திண்டுக்கல், மதுரைப் பக்கத்தில் ஒத்தி வழக்கம் அதிகம். வீட்டுக்காரரிடம் ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருப்பது. வெளியேறும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். பல குடும்பங்களுக்கு வாழ்நாள் சேமிப்பே இந்த ஒத்திப் பணம்தான்.

இது வீடு வாங்க முன்பணமாக உதவும். ஆனால் திரும்பி வந்தால்தானே உதவும்! ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொள்வதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வீட்டின் பேரில் வேறு கடன் இருக்கிறதா என்று பார்ப்பதும் இல்லை. வீட்டுக்காரர் கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனால், ஒத்திக்கு இருப்பவர் நடுத்தெருவில் நிற்பார்.

மீதித் தொகையைச் சிறுகச் சிறுகத்தான் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்றால் மாதம் 6 ஆயிரம். 36 மாதத்தில் 2 லட்சத்து 16 ஆயிரம். இதைத் தபால் ஆபீசிலோ பாங்கியிலோ மாதாந்தரச் சேமிப்பாகக் கட்டினால் வட்டியும் சேரும். "இவரால் மாதம் தவறாமல் 6 ஆயிரம் எடுத்து வைக்க முடிகிறது" என்பதும் தெரியும். பதிவு இல்லாத சீட்டில் போட்டால் இந்தச் சாட்சி கிடைக்காது. சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டு ஓடினால் பணமும் கிடைக்காது!

தக்காளி விலையும் தவணையும்

2023 ஜூலை மாதத்தில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தோட்டக்காரரும் வியாபாரியும் சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் விலை தரைக்கு இறங்கியது. பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டவில்லை.

சந்தையின் வருமானம் இப்படி ஏறும், இறங்கும். ஆனால் பாங்கித் தவணை ஏறி இறங்காது. மாதம் பிறந்தால் அதே தேதியில் அதே தொகை. தக்காளி விலை என்ன என்று அது கேட்காது.

ஆகவே, நல்ல மாத வருமானத்தை வைத்துத் தவணையை முடிவு செய்யக் கூடாது. மோசமான மாத வருமானத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதோடு, 6 மாதத் தவணைக்குச் சமமான தொகையைத் தொடாமல் தனியே வைத்திருக்க வேண்டும். மழை பெய்தாலும், விலை விழுந்தாலும், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலும் அந்தப் பணம் தாங்கும்.

வட்டியும் நிலையாக இருப்பது இல்லை. 2025-இல் ரிசர்வ் பாங்கி வட்டியைக் குறைத்தது உண்மை. ஆனால் 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை அதே ரிசர்வ் பாங்கி 4 சதவீதத்திலிருந்து 6½ சதவீதத்துக்கு ஏற்றியது. 10 லட்ச ரூபாய் 20 ஆண்டுக் கடனுக்கு வட்டி 8½-லிருந்து 10½ ஆனால், தவணை 8,678-லிருந்து 9,984 ரூபாய் ஆகும். இந்த 1,300 ரூபாய் கூடுதலைத் தாங்க முடியுமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

1,169 ரூபாயில் 3 லட்சம்!

20 ஆண்டுக் கடனா, 15 ஆண்டுக் கடனா? 10 லட்ச ரூபாய்க்கு 8½ சதவீத வட்டியில் கணக்குப் பார்ப்போம்.

20 ஆண்டு என்றால் தவணை 8,678 ரூபாய். மொத்தம் கட்டுவது 20 லட்சத்து 82 ஆயிரத்துக்கு மேல்.

15 ஆண்டு என்றால் தவணை 9,847 ரூபாய். மொத்தம் கட்டுவது 17 லட்சத்து 72 ஆயிரம்.

மாதம் 1,169 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் மிச்சம்! வீடும் 5 ஆண்டு முன்னதாகவே சொந்தமாகிறது.

அவ்வளவு தவணை கட்ட முடியாதவருக்கும் வழி உண்டு. 20 ஆண்டுக் கடனே வாங்கலாம். ஓணம் பண்டிகைக்குக் கேரள வியாபாரம் சூடுபிடிக்கும்போது கூடுதலாகக் கிடைக்கும் பணத்தை அசலில் கட்டலாம். ஏறி இறங்கும் வட்டி உள்ள வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் பாங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் பாங்கி சொல்லிவிட்டது. முதல் மாதத் தவணை 8,678 ரூபாயில் 7,083 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 1,595 ரூபாய்தான். ஆகவே முதல் சில ஆண்டுகளில் அசலில் கட்டும் ஒவ்வொரு ஆயிரமும் பல மடங்கு பலன் தரும்.

அமெரிக்கா படித்த பாடம்

"பாங்கி இவ்வளவு கேள்வி கேட்கிறதே! கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் என்ன?" என்று தோன்றலாம்.

அமெரிக்காவில் அப்படித்தான் கொடுத்தார்கள். வருமானத்தைச் சரியாக விசாரிக்காமல் வீட்டுக் கடனை வாரி வழங்கினார்கள். வட்டி ஏறியது. தவணை கட்ட முடியவில்லை. வீடுகள் ஏலத்துக்கு வந்தன. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிறுவனமே திவாலானது. உலகமே ஆட்டம் கண்டது. லட்சக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டை இழந்தன.

இங்கும் சட்டம் கடுமையானது. 3 மாதம் தவணை நின்றால் அது வாராக்கடன். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுத்து ஏலம் விடலாம். பயிர்க் கடனைத் தமிழக அரசாங்கம் 2021-இல் தள்ளுபடி செய்தது. அதுபோல வீட்டுக் கடனும் தள்ளுபடி ஆகும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது.

நிலத்துக்கும் நாணயம் வேண்டும்

வாங்குகிறவரின் ஏடு சுத்தமாக இருந்தால் போதாது. வீட்டின் ஏடும் சுத்தமாக இருக்க வேண்டும். மூலப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, கட்டிட அனுமதி இவை இல்லாமல் பாங்கி நகராது.

சுற்று வட்டாரத்தில் தோட்ட நிலங்களைப் பிளாட் போட்டு விற்பது பெருகி இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைக்குப் பாங்கிக் கடன் கிடைப்பது கடினம். 2016-இல் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப் பதிவே நின்றது. 2017-இல்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. "விலை குறைவு" என்று ஆசைப்பட்டு முன்பணம் கொடுத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே பத்திர நகல்களைப் பாங்கியிலும் வக்கீலிடமும் காட்டுவது நல்லது.

அரசாங்க உதவி

நகரங்களில் வீடு வாங்கும் குடும்பங்களுக்கு, 2024 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் வட்டி மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் எங்கும் சொந்தமாகக் காரை வீடு இருக்கக் கூடாது. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும், கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் 5 ஆண்டுத் தவணையாகக் கடன் கணக்கில் சேரும். ஒட்டன்சத்திரம் நகராட்சி என்பதால், விண்ணப்பம் போடும் முன் இதைப் பாங்கியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மானியம் கடன் கிடைத்தவருக்குத்தான். பாங்கியின் வாசலில் திரும்பிப் போனவருக்கு மானியமும் இல்லை. சுற்றிச் சுற்றி வந்தாலும் விஷயம் ஏட்டில்தான் வந்து நிற்கிறது.

மூன்று ஆண்டுக் கணக்கு

முதல் ஆண்டு: சிபில் அறிக்கையை வாங்கிப் பார்ப்பது. பழைய சிறு பாக்கிகளை முழுமையாகக் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்குவது. தண்டல் கடனை அடைப்பது. வியாபாரப் பணத்தைக் கணக்கில் கட்டத் தொடங்குவது. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வது.

இரண்டாம் ஆண்டு: மாதச் சேமிப்பைத் தவறாமல் தொடர்வது. வாங்கிய சிறு கடனை நாள் தவறாமல் கட்டுவது. இரண்டாவது வரிக் கணக்கு. ஜாமீன் கையெழுத்துக்கும் புதிய தவணைப் பொருளுக்கும் விடுமுறை!

மூன்றாம் ஆண்டு: வீடு தேடுவது. பத்திரங்களைச் சோதிப்பது. இரண்டு மூன்று பாங்கிகளில் வட்டியையும் கட்டணத்தையும் விசாரிப்பது. விசாரிக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் பத்து இடத்தில் விண்ணப்பம் போடக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பமும் ஏட்டில் பதிவாகும். பல பதிவுகள் இருந்தால் "இவருக்குப் பணத்துக்கு அவசரம்" என்று பாங்கி நினைக்கும்.

இந்த மூன்று ஆண்டில் வருமானம் ஒரு ரூபாய்கூட உயர வேண்டியது இல்லை. இருக்கிற வருமானம் ஏட்டில் ஏறினால் போதும்.

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்றார்கள் பெரியவர்கள். அவர்கள் காலத்தில் செங்கலும் சுண்ணாம்பும் கிடைப்பதுதான் கஷ்டம். இன்றைக்குச் செங்கலுக்குப் பஞ்சம் இல்லை.

மானேஜரிடம் "மார்க்கெட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்" என்ற அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை. 20 ஆண்டுகளாக அவர் ஒருநாளும் வாக்குத் தவறியது இல்லை. மூன்று ஆண்டு கழித்து அதே மானேஜர் முன், மனைவியோடு, பாஸ் புத்தகத்தோடு அவர் மறுபடி உட்காரும்போது, அந்த நாணயத்தை எடுத்துச் சொல்ல மார்க்கெட்டிலிருந்து யாரும் வர வேண்டியிருக்காது.